காக்காவைத் ‘தாத்தா’ என்னும் குழந்தையும் வாயே திறக்காத குழந்தையும்: பேச்சுச் சிக்கல்களைப் பிரித்தறிதல்

‘குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தைத் தமிழில் நாம் குறைந்தது நான்கு வெவ்வேறு நிலைகளுக்குப் பயன்படுத்துகிறோம். ஒலியே காதில் விழாத குழந்தை, ஒலி விழுந்தும் சொற்களின் பொருளும் வாக்கியத்தின் அமைப்பும் பிடிபடாத குழந்தை, எல்லாம் புரிந்தும் ஒலிகளைச் சரியாக உருவாக்க முடியாத குழந்தை, மற்றவருடன் உறவாடும் இயல்பே வேறு விதமாக அமைந்த குழந்தை ஆகிய நால்வரும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். நால்வருக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு என்பதால், பெயர் ஒன்றாகிப் போவது வெறும் சொல் குழப்பமாக நின்றுவிடுவதில்லை. தவறான இடத்தில் தவறான சிகிச்சையைத் தேடி ஓராண்டு, ஈராண்டு வீணாகிறது.

கடந்த சில ஆண்டுகளில் இந்தக் குழப்பம் கூடியிருக்கிறது. கைபேசிதான் காரணம் என்று ஒருவர் சொல்கிறார். வீட்டில் இரண்டு மொழி பேசுவதுதான் காரணம் என்று பள்ளி சொல்கிறது. நாக்கு ஒட்டியிருக்கிறது என்று அண்டை வீட்டார் சொல்கிறார்கள். ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்று பாட்டி சொல்கிறார். இவற்றில் எது எவ்வளவு உண்மை என்று பார்ப்பதற்கு அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

செவி, மொழி, பேச்சு

1. செவித்திறன் என்பது ஒலி காதின் வழியே மூளையை அடைவது.

2. மொழி என்பது சொற்களின் பொருளையும், அவற்றைக் கோக்கும் முறையையும் அறிந்திருப்பது. பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வது அதன் ஒரு பாதி, தான் நினைத்ததை வாக்கியமாக்குவது மறுபாதி. வாய் பேசாமல் சைகை மொழியில் உரையாடுபவருக்கும் முழுமையான மொழி உண்டு.

3. பேச்சு என்பது அந்த மொழியை ஒலியாக்கும் உடல்வினை. மூச்சு, குரல்வளை, அண்ணம், நாக்கு, பல், உதடு, மூக்கு ஆகியவை நொடிக்குப் பல முறை ஒத்திசைந்து இயங்க வேண்டிய வினை அது. உந்தியிலிருந்து எழும் காற்று எந்தெந்த இடங்களில் பட்டு எந்தெந்த எழுத்தாகிறது என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது. இன்றைய பேச்சுப் பயிற்சியாளர் ஒரு குழந்தையின் வாயைப் பார்க்கும் பார்வையும் ஏறத்தாழ அதுவே.

இம்மூன்றையும் தாண்டி நான்காவதாக ஒன்று உண்டு: மற்றவர் பார்க்கும் பொருளைத் தானும் பார்ப்பது, விரும்பியதைச் சுட்டிக்காட்டுவது, கிடைத்ததைக் கொண்டுவந்து காட்டி மகிழ்வது போன்ற பகிர்வு. சொற்கள் இந்தப் பகிர்வின் மேல்தான் வளர்கின்றன. உறவாடும் இயல்பு வேறு விதமாக அமையும் ஆட்டிசத்தில் முதலில் கவனிக்க வேண்டியது சொற்களின் எண்ணிக்கையை அல்ல, இந்தப் பகிர்வையே.

முதல் கேள்வி காதைப் பற்றியது

பேச்சுத் தாமதம் எதுவாக இருந்தாலும் செவிச் சோதனைதான் முதல் படி. அதைத் தவிர்த்துவிட்டு நேரே பேச்சுப் பயிற்சியைத் தொடங்கும் இடத்தைப் பெற்றோர் சந்தேகிப்பதில் தவறில்லை.

‘தட்டு விழுந்தால் திரும்பிப் பார்க்கிறான், அதனால் காது நன்றாகத்தான் இருக்கிறது’ என்பது வீடுகளில் மிகுதியாகக் கேட்கும் வாதம். தட்டு விழும் ஓசை உரத்தது. தரை அதிர்வையும் குழந்தை உணரும். ஓரக்கண்ணால் அசைவையும் பார்த்திருக்கும். மேலும், செவிக்குறைபாடு எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. தாழ்ந்த சுருதி ஒலிகள் நன்றாகவும் உயர்ந்த சுருதி ஒலிகள் மங்கலாகவும் கேட்கும் குழந்தைக்குக் கதவு தட்டுவது கேட்கும், ‘ஸ’, ‘ச’ போன்ற ஒலிகள் கேட்காது. அந்தக் குழந்தைக்கு நம் பேச்சு, எழுத்துகள் ஆங்காங்கே அழிந்த கடிதம் போல வந்து சேரும். பிறவியிலேயே செவி கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் அழும், சிரிக்கும், குரல் எழுப்பும் என்பதால், குரல் வருகிறதே என்று நிம்மதியடைவதற்கும் இடமில்லை.

சோதனைகள் இரண்டு. முதலாவது ஓ.ஏ.இ. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து மெல்லிய ஒலியைச் செலுத்தினால், நலமான உட்செவி அதற்கு ஓர் எதிரொலியைத் திருப்பித் தரும். கருவி அதைப் பதிவுசெய்கிறது. சில நிமிடங்களில் முடியும், வலி இல்லை. இரண்டாவது பெரா. தலையில் ஒட்டும் சிறு மின்முனைகள் மூலம், ஒலி செவிநரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்பதை இது அளக்கிறது. உட்செவி நன்றாக இருந்து நரம்பில் மட்டும் சிக்கல் உள்ள குழந்தை முதல் சோதனையில் தேறிவிடும். எனவே ஐயம் இருக்கும்போது இரண்டாவதும் வேண்டும். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் உதவி தொடங்குதல் என்பது உலக அளவில் பின்பற்றப்படும் அளவுகோல்.

தமிழ்நாட்டில் இது கூடுதல் அழுத்தம் பெறுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. பிறவிச் செவிக்குறைபாட்டின் மரபு வகைகளில் பெரும்பாலானவை ஒடுங்கு மரபணுவால் வருபவை. அதாவது, பெற்றோர் இருவரிடமும் பழுதான மரபணுவின் ஒரு படி இருந்தும் இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். இரண்டு படிகளும் ஒருசேர வந்து சேரும் குழந்தைக்கு மட்டும் கேட்காது. ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே தாத்தாவிடமிருந்து அதே படியைப் பெற்றிருக்கக்கூடும் என்பதால்தான் உறவுத் திருமணத்தில் ஆபத்து கூடுகிறது. ‘எங்கள் குடும்பத்தில் யாருக்குமே இது இல்லை’ என்பது ஆகவே எதையும் நிரூபிப்பதில்லை.

கடுமையான குறைபாடு உள்ள, 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, செவிநரம்பை நேரடியாகத் தூண்டும் கருவியை உட்செவியில் பொருத்தும் காக்ளியர் உள்வைப்பு அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் செய்யப்படுகிறது. வயது வரம்பு அலுவலக வசதிக்காக வைக்கப்பட்டதன்று; ஒலியைப் பெறாத மூளைப் பகுதி காலப்போக்கில் அந்த வேலைக்கான நெகிழ்வை இழக்கிறது. அறுவை முடிந்த அன்று பேச்சு வந்துவிடும் என்று எதிர்பார்த்து ஏமாறும் குடும்பங்களும் உண்டு. கருவி இயக்கப்பட்ட நாளைத்தான் அந்தக் குழந்தை கேட்கத் தொடங்கிய முதல் நாளாகக் கொள்ள வேண்டும். அதன் பிறகு நீண்ட செவிவழிப் பயிற்சி இருக்கிறது.

நாக்கின் மேல் விழும் பழி

நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாக இருப்பதால் பேச்சு வரவில்லை என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியது. இதைச் சோதிக்க மருத்துவரே தேவையில்லை. அம்மா, அப்பா, பாப்பா, மாமா, பூ, வா, போ ஆகிய சொற்களைச் சொல்லிப் பாருங்கள்: எதற்கும் நாக்கு நுனி மேலே எழவில்லை, உதடுகளே வேலை செய்கின்றன. இரண்டரை வயதில் இந்தச் சொற்கள்கூட இல்லாத குழந்தையைத் தடுத்து நிறுத்தியிருப்பது நாக்கின் சவ்வாக இருக்க முடியாது. சவ்வு மிகக் குட்டையாக இருந்தால் பால் குடிப்பதிலும், நாக்கு நுனி மேலெழ வேண்டிய ஒருசில ஒலிகளிலும் சிரமம் இருக்கலாம். சொல்வளத்தையும் வாக்கியத்தையும் அது பாதிப்பதில்லை.

வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதும் பேச்சைக் கொண்டுவராது. அதனுடன் தேன் சேர்ப்பதோ ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்தானது.

மொழி வளராத குழந்தை

எல்லாவற்றிலும் குறைவாகப் பேசப்படுவதும், வகுப்பறையில் அதிகமாகத் தண்டிக்கப்படுவதும் இந்த வகைதான். காது கேட்கிறது, ஆட்டிசம் இல்லை, அறிவுத்திறன் குறைபாடும் இல்லை, ஆயினும் மொழி மட்டும் வயதுக்கேற்ப வளரவில்லை. இந்நிலைக்குப் பல பெயர்கள் வழங்கிவந்ததால், ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகளின் வல்லுநர்கள் உளவியலாளர் டோரதி பிஷப் தலைமையில் கலந்தாய்ந்து, 2017இல் ‘வளர்நிலை மொழிக் குறைபாடு’ என்ற பொருள்படும் ஒரே பெயருக்கு வந்தார்கள். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பள்ளியில் சேரும் வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பேருக்கு இது காணப்பட்டது. ஒரு வகுப்புக்கு இருவர் என்று கொள்ளலாம்.

தமிழில் இது எப்படித் தெரியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ‘நாயைப் பூனை துரத்துகிறது’ என்ற வாக்கியத்தில் முதலில் வருவது நாய்; ஆனால் துரத்துவது பூனை. யார் யாரை என்பதைச் சொல்வது சொற்களின் வரிசை அல்ல, ‘ஐ’ என்ற ஒற்றை உருபு. பேச்சு வழக்கில் அதுவும் ‘நாய’ என்று தேய்ந்து, காதில் விழுந்தும் விழாமலும் போகிறது. மொழிக் குறைபாடு உள்ள குழந்தை அந்தச் சிறு ஒலியைப் பிடிக்கத் தவறி, நாய் பூனையைத் துரத்தும் படத்தைக் காட்டக்கூடும். ‘அக்கா வந்தான்’ என்பது போன்ற விகுதிப் பிழைகள், ‘நேற்று’, ‘நாளை’ தடுமாறுவது, நடந்ததைக் கோவையாகச் சொல்ல முடியாமல் ‘அது… அப்புறம் அது’ என்று நிற்பது ஆகியவை மற்ற அடையாளங்கள். எல்லாக் குழந்தைகளும் ஒரு கட்டத்தில் இப்பிழைகளைச் செய்வார்கள். ஒத்த வயதினர் விட்ட பிறகும் நீடிப்பதே கவனத்துக்குரியது.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சுமையும் சேர்கிறது. வீட்டில் ‘வர்றான்’ என்று கேட்ட குழந்தை பாடநூலில் ‘வருகிறான்’ என்று படிக்கிறது. மற்றக் குழந்தைகள் இந்தப் பள்ளத்தை எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள். வீட்டு மொழியிலேயே உருபும் விகுதியும் நிலைபெறாத குழந்தைக்குப் பாடநூல் தமிழ் ஏறத்தாழ இன்னொரு மொழி. ஆசிரியர் கொடுத்த மூன்று கட்டளைகளில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிற்கும் இந்தப் பிள்ளைக்குத்தான் ‘கவனமில்லை’, ‘சோம்பேறி’ என்ற பட்டங்கள் கிடைக்கின்றன. புரியாமை அங்கே அடங்காமையாகத் தோற்றமளிக்கிறது.

ஒலி தவறும் குழந்தை

நான்கு வயதுக் குழந்தை ஒன்று மொட்டைமாடியைச் சுட்டி ‘தாத்தா பறக்குது’ என்கிறது. அது சொல்ல நினைத்தது காக்கா. அடிநாவால் தொண்டையருகே பிறக்க வேண்டிய ‘க’வை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்து ‘த’வாக்குகிறது. ‘கண்ணு’ ‘தண்ணு’ ஆகிறது, ‘கை’ ‘தை’ ஆகிறது. பிழை தாறுமாறானதன்று, ஒழுங்கானது. குழந்தையின் தலைக்குள் ஒரு விதி ஓடுகிறது. சிறு வயதில் இது இயல்பு. நான்கு வயதிலும் நீடித்தால் உதவி வேண்டும்.

பயிற்சியாளர் இதைச் சரிசெய்யும் முறை எளிமையானது. ஒரு காகத்தின் படமும் ஒரு முதியவரின் படமும் முன்னால் இருக்கும். எந்தப் படம் வேண்டும் என்று குழந்தைதான் சொல்ல வேண்டும். ‘தாத்தா’ என்றால் முதியவர் படமே கிடைக்கும். தான் கேட்டது கிடைக்கவில்லை என்ற அந்தச் சிறு ஏமாற்றத்தில், இரண்டும் வேறு ஒலிகள், ஒலி மாறினால் பொருள் மாறும் என்பது குழந்தைக்கு உறைக்கிறது. வெறுமனே ‘க சொல்லு, க சொல்லு’ என்று நூறு முறை அதட்டுவதில் இந்தப் பாடம் இல்லை.

‘ழ’, ‘ற’, ‘ர’ முதலியவை கடைசியில் வரும் ஒலிகள். நாக்கு நுனி வளைந்து அண்ணத்தை வருட வேண்டிய ‘ழ’வுக்காக மூன்று வயதுப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புவது தேவையற்றது. வட்டார வழக்கையும் குறைபாடாக எண்ணிவிடக் கூடாது. தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் ‘வாளைப்பளம்’ என்பதும், சென்னையின் சில பகுதிகளில் ‘வாயப்பயம்’ என்பதும் அங்கங்கே பெரியவர்கள் பேசும் பேச்சுதான். குழந்தை அதைச் சரியாகவே கற்றிருக்கிறது.

அண்ணப்பிளவு இருந்தால் காற்று மூக்கு வழியே கசிந்து ‘ப’, ‘ட’ போன்ற ஒலிகள் கெடும். அங்கே அறுவை சிகிச்சை முதலில், பயிற்சி பிறகு. திக்குதல் வேறு கதை: இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்கி, பெரும்பாலானோருக்குத் தானாகவே நீங்கிவிடுகிறது. ‘மெதுவாகச் சொல்’, ‘மூச்சை இழுத்துவிட்டுச் சொல்’ என்று இடைமறிப்பது உதவுவதில்லை. சொல்லி முடிக்கும்வரை முகம் மாறாமல் கேட்பதுதான் உதவுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் திக்குபவர் இருந்தாலோ பயிற்சியாளரைக் காண வேண்டும்.

இரண்டு குற்றச்சாட்டுகள்: கைபேசியும் இருமொழியும்

கைபேசி மீதான குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. மொழி, முறை வைத்து நடக்கும் உரையாடலில் வளர்வது. குழந்தை குரல் கொடுக்க, பெரியவர் பதில் தர, மீண்டும் குழந்தை. காணொளி பேசிக்கொண்டே போகும், பதிலுக்குக் காத்திராது. ஆகவே திரை விழுங்கும் ஒவ்வொரு மணி நேரமும் உரையாடலிலிருந்து கழிகிறது. இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்றும் பரிந்துரைக்கிறது. ஆனால் திரையே ஆட்டிசம் போன்ற நிலையை உண்டாக்குகிறது என்ற பொருளில் இதிலிருந்து பிறந்த ‘வர்ச்சுவல் ஆட்டிசம்’ என்ற பெயர் எந்த அங்கீகரிக்கப்பட்ட நோய்ப் பட்டியலிலும் இல்லை. கைபேசியைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நம்பி, உண்மையில் ஆட்டிசமோ செவிக்குறைபாடோ உள்ள குழந்தையின் பரிசோதனையைத் தள்ளிப்போடச் செய்வதே அந்தப் பெயரின் தீங்கு. தாயின் மேல் பழி போட அது வசதியாக இருப்பதும் அதன் புகழுக்கு ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

இருமொழிக் குற்றச்சாட்டில் அந்தப் பாதி உண்மையும் இல்லை. இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வது மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. இருமொழிக் குழந்தையின் சொல்வளத்தை அளக்கும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்; குறைபாடு உண்மையில் இருந்தால் அது இரண்டிலும் தெரியும். ‘இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்’ என்ற அறிவுரையால் நடப்பது என்னவென்றால், சரளமாகப் பேசத் தெரிந்த மொழியைக் கைவிட்ட பெற்றோர், ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’ என்று ஒற்றைச் சொல் கட்டளைகளுக்குச் சுருங்கிப் போகிறார்கள். மொழி குறைவாக உள்ள குழந்தைக்கு வீட்டில் கிடைத்த மொழியும் குறைகிறது.

காத்திருக்கலாமா?

இரண்டு வயதில் தாமதமாகப் பேசும் குழந்தைகளில் கணிசமானோர் மூன்று, நான்கு வயதுக்குள் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மை. ‘அவன் அப்பாவும் இப்படித்தான்’ என்னும் பாட்டி பொய் சொல்லவில்லை. எந்தக் குழந்தை அப்படிப் பிடித்துவிடும், எந்தக் குழந்தை பிடிக்காது என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். தானாகப் பேசியிருக்கக்கூடிய குழந்தைக்கு உதவி தொடங்கினால் இழப்பு சில பயணங்கள் மட்டும். உதவி வேண்டிய குழந்தைக்குத் தராமல் விட்டால் இழப்பது திரும்பி வராத காலம். பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டியதில்லை:

1. 12 மாதத்தில் ‘பப்பப’, ‘தததா’ போன்ற மழலை ஒலிகளோ, டாட்டா காட்டுதல், விரலால் சுட்டுதல் போன்ற சைகைகளோ இல்லை. பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை.

2. 16 முதல் 18 மாதத்துக்குள் பொருளுள்ள ஒரு சொல்லும் இல்லை.

3. 24 மாதத்தில் ‘அம்மா வா’, ‘பால் வேணாம்’ என்று இரண்டு சொற்களைத் தானாகச் சேர்ப்பதில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்வது இதில் சேராது.

4. எந்த வயதிலும், இருந்த சொற்கள் மறைந்துபோகின்றன.

வீட்டில் நடப்பதே பெரும்பகுதி

பயிற்சி வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, முக்கால் மணி நேரம். மீதி நேரமெல்லாம் வீடு. ஆகவே நல்ல பயிற்சியாளர் குழந்தையுடன் பெற்றோரையும் அறைக்குள் உட்காரவைத்துக் கற்பிப்பார். கதவைச் சாத்திக்கொள்ள மாட்டார்.

வீட்டில் பெரும்பாலோர் செய்வது வினாடி வினா: ‘இது என்ன? சொல்லு. இது என்ன கலர்?’ பதில் தெரியாத குழந்தை இதில் கற்றுக்கொள்வது வாயை மூடிக்கொள்வதை. அதற்கு மாறாக, குழந்தை பார்க்கும் பொருளைப் பற்றிப் பெரியவர் பேச வேண்டும். குழந்தை ‘பால்’ என்றால் ‘ஆமாம், சூடான பால்’ என்று ஒரு படி கூட்டித் தர வேண்டும், திருத்தக் கூடாது. குழந்தை கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் நீட்டிவிடாமல், மனத்துக்குள் ஐந்து எண்ணிக் காத்திருக்க வேண்டும். பார்வையோ சைகையோ குரலோ, குழந்தை தருவது எதுவானாலும் அதைப் பதிலாக ஏற்க வேண்டும்.

இதற்கு விலை உயர்ந்த விளையாட்டுப் பொருள் தேவையில்லை. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, கடைசியில் நண்டு கையேறி அக்குளுக்கு ஊரும் விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரியும். நண்டு முழங்கையில் வந்ததும் நிறுத்திவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்த்தால், அது கண்ணால், கையால், குரலால் ‘இன்னும்’ என்று கேட்கும். எதிர்பார்ப்பு, முறை வைத்தல், கண்ணோடு கண் பார்த்தல், கேட்டுப் பெறுதல் ஆகிய அனைத்தும் அந்த அரை நிமிடத்தில் இருக்கின்றன.

எங்கே செல்வது, சட்டம் எதைத் தருகிறது

2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இரு முறையும் அரசுப் பள்ளிகளில் ஒரு முறையும் பரிசோதனை உண்டு. சிக்கல் கண்டறியப்பட்டால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுவார்கள். பெற்றோர் நேராகவும் அங்கே செல்லலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் அகில இந்தியப் பேச்சு–செவி நிறுவனமும் இருக்கின்றன. தனியார் பயிற்சியாளரிடம் செல்வோர், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் அவர் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ‘மூன்று மாதத்தில் பேசவைப்போம்’ என்று உறுதி தரும் பலகைகளுக்கு எதிரான எளிய வடிகட்டி அதுதான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ‘பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு’ ஒன்று. பெயரைப் பார்த்து நம்பிவிடலாகாது. குரல்வளை நீக்கம், மூளைத் தாக்கத்தால் வரும் பேச்சிழப்பு போன்ற உறுப்பு அல்லது நரம்புக் காரணங்களால் ஏற்படும் நிரந்தரக் குறைபாடு என்றே சட்டம் அதை வரையறுக்கிறது. அந்த வரையறை பெரியவர்களின் நோய்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது போல் இருக்கிறது. செவிக்குறைபாடோ ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள குழந்தை அந்தந்தத் தலைப்பில் சான்றிதழ் பெறலாம். வெளிப்படையான உடற்காரணம் எதுவும் இல்லாமல் மொழி மட்டும் வளராத குழந்தை இந்த வலையின் கண்களுக்கிடையே நழுவிவிடுகிறது. பின்னாளில் எழுத்தும் வாசிப்பும் சிக்கலான பிறகு, கற்றல் குறைபாடு என்ற தலைப்பில்தான் அதற்குச் சலுகைக்கான வாய்ப்பு வருகிறது. அதுவரை அந்தப் பெற்றோரின் கையில் இருக்கக்கூடியது பயிற்சியாளரின் எழுத்து வடிவ மதிப்பீட்டறிக்கை மட்டுமே. கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், பலகையில் எழுதிக் காட்ட வேண்டும், பதிலுக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்ற மூன்று கோரிக்கைகளையும் அதில் எழுதி வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டால், அவற்றை நிறைவேற்ற எந்தச் சான்றிதழும் தேவைப்படாது.